ஆயிரத்துக்கு ஒன்று குறைச்சல்

ரோலர் கோஸ்டர்களைப் பற்றி மார்லிஸுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெஞ்சுகள்தான். இரும்பு பெஞ்சு காலை பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். மர பெஞ்சின் அடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பபிள்கம் இருக்கும். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் குளவி வரும். முப்பத்தொன்பது வருடங்களாக, கணவன் வெர்ன் மேலே போய்த் தலைகீழாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும், அவனுடைய கண்ணாடி, தொப்பி, பர்ஸ், வேன் சாவி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்றைக்குக் கடைசி பெஞ்சு. அப்படித்தான் பேச்சு.

பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில் லாரல் குரோவ் பூங்கா. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டரை. பொதுமக்களுக்கு வாசல் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் புதுப் புது கோஸ்டர்களில் ஏறிக் கணக்கு வைக்கிற கோஸ்டர் சங்கத்துக்காரர்களை மட்டும் முன்னாலேயே உள்ளே விட்டிருந்தார்கள். எழுபது பேர் வந்திருந்தார்கள். எல்லார் முதுகிலும் ஒரே பனியன், ஒரே எழுத்து: 'வெர்ன் - 1000'. கிரே ஃபாக்ஸ் என்கிற பழைய மர கோஸ்டர்தான் வெர்ன் ஏறப்போகிற ஆயிரமாவது. ஐந்து வருடமாக இந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் அதில் ஏறாமல், விருந்துக்கு எடுத்துவைத்த நல்ல தட்டு மாதிரி பத்திரமாக விட்டுவைத்திருந்தான் வெர்ன்.

மூன்று கோடைக்கு முன்னால், எண்ணிக்கை தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் நின்றபோது, கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டி, இந்த எலும்பும் இந்த எலும்பும் உரசுகின்றன, இனிமேல் ராக்கிங் சேரில் ஆடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து, வேனில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்ற வெர்ன், "ஆயிரம் வரட்டும். அதோட முடிச்சுக்கறேன்" என்றான். பேரம் பேசுகிறான் என்று மார்லிஸுக்குத் தெரிந்தது. இருந்தாலும் தலையாட்டினாள். முப்பத்தொன்பது வருடத்தில் முடிவு என்று ஒன்றை அவன் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒஹையோவில் வீட்டுக்குப் பின்னால் அவள் ஸ்ட்ராபெரிப் பாத்தி போட்டிருக்கிறாள். அது ஜூனில் பழுக்கும். ஜூனில் அவர்கள் டெக்சாஸிலோ டென்னஸியிலோ ஏதாவது மோட்டலில் இருப்பார்கள். பழத்தில் பாதியைப் பறவைகள் தின்னும். மீதியைப் பக்கத்து வீட்டுக்காரி பறித்து ஜாம் செய்து, அதில் ஒரு பாட்டிலை ஆகஸ்டில் இவளுக்கே பரிசாகக் கொடுப்பாள். ஒவ்வொரு வருடமும் அந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதுதான் மார்லிஸுக்கு உலகத்திலேயே களைப்பான காரியம்.

கிரே ஃபாக்ஸின் வாசலுக்கு எதிரில் மேஜை போட்டு, கேக் வைத்து, அதற்குப் பின்னால் ஒரு பெரிய பலகையில், எத்தனையாவது கோஸ்டர் என்று நம்பர் போட்டு, வெர்னின் படங்களை ஒட்டியிருந்தார் ராய் பிக்ஸ்லர். சங்கத்தின் செயலாளர், வெர்னுக்கு முப்பது வருடப் பழக்கம். ஐந்து வயதுப் பேத்தி பிரின்னையும் கூட்டிவந்திருந்தார். அவள் கேக்கின் ஓரத்து கிரீமை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு படமா தேடித் தேடி எடுத்தேன், மார்லிஸ். மூணாம் நம்பர்ல நீங்களும் இருக்கீங்க, பாருங்க" என்றார் பிக்ஸ்லர். சொல்லிவிட்டு மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

மார்லிஸ் பார்த்தாள். பலகைக்கு இன்னும் கிட்டே போனாள்.

மூன்றாம் நம்பர் படம் எழுபத்தொன்பதில் எடுத்தது. ஒஹையோவில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்று, சில்வர் ஸ்வான் என்கிற சின்ன இரும்பு கோஸ்டர். கல்யாணத்துக்கு முந்தின கோடை. அவள் வாழ்நாளில் ஏறிய ஒரே கோஸ்டர் அது. இறங்கும்போது கால் நடுங்கியதால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கம்பியின் நுனி அன்னப்பறவையின் கழுத்து மாதிரி வளைந்திருக்கிறது. பக்கத்துப் படம் நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர், இரண்டாயிரத்து மூன்று, டெக்சாஸ். புத்தம் புதிது என்று அந்தப் பூங்காக்காரர்கள் விளம்பரம் செய்த மேட் கொயோட்டி. வெர்ன் சிரித்துக்கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிறான். ஆரஞ்சு பெயிண்ட். அதே அன்னத்தின் கழுத்து.

சங்கத்தில் எண்ணிக்கைதான் எல்லாம். ஒரு கோஸ்டரில் நூறு தடவை ஏறினாலும் கணக்கு ஒன்று. அதைப் பிரித்து லாரியில் ஏற்றி வேறு ஊரில் நிறுத்தி, வேறு பெயர் வைத்து, வேறு பெயிண்ட் அடித்தாலும் அதே ஒன்றுதான். இந்த விதியை எழுதியவனே வெர்ன்தான். எழுதினதோடு விடவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் பிக்ஸ்லர் தன்னுடைய ஐந்நூறாவதைக் கொண்டாடியபோது, அவர் கேக்கில் கத்தியை வைக்கிற நேரத்தில், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வெர்ன் குறுக்கே வந்தான். இதில் இரண்டு ஒரே கோஸ்டர், ஆகவே நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றான். பிக்ஸ்லர் கத்தியோடு அப்படியே நின்றது மார்லிஸுக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் வெர்னை ஜட்ஜய்யா என்றுதான் கூப்பிடுகிறார்.

மேட் கொயோட்டி பழைய சில்வர் ஸ்வான்தான் என்று, டெக்சாஸில் அந்தக் கம்பியை பெஞ்சிலிருந்து பார்த்த அன்றைக்கே மார்லிஸுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாததற்குக் காரணம் வெயில். அதற்குப் பிறகு சொல்லாததற்குக் காரணம், சொன்னால் ஒன்று குறையும். ஒன்று குறைந்தால் இன்னொன்று ஏற வேண்டும். இன்னொன்று என்றால் இன்னொரு அறுநூறு மைல், இன்னொரு மோட்டல், இன்னொரு பெஞ்சு.

யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நம்பர் படத்தை நகத்தால் கிளப்பி எடுத்து, கைப்பைக்குள் வெர்னின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தாள்.

ஜிப்பை இழுத்து மூடி நிமிர்ந்தால் எதிரில் வெர்ன் நிற்கிறான். அவன் பலகையில் காலியாக இருந்த சதுரத்தைப் பார்த்தான். பிறகு அவள் பையைப் பார்த்தான்.

"மூணாம் நம்பர் எங்க?"

பொய் சொல்கிற தெம்புகூட அவளுக்கு இல்லை. பையைத் திறந்து காட்டினாள்.

வெர்ன் நீளமாக மூச்சு விட்டான். "நல்லதாப் போச்சு. அத எடுக்கத்தான் நானும் வந்தேன்."

மார்லிஸ் பின்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கிரே ஃபாக்ஸின் வெறும் பெட்டிகள் சோதனை ஓட்டமாக மேலே கடகடவென்று போய்க்கொண்டிருந்தன.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் அவள்.

"டெக்சாஸ்ல கைய வெச்சதுமே. உனக்கு?"

"அதே நாள்தான்."

"பதினஞ்சு வருஷமா ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கோம்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்காரும்போது கழுத்தைத் திருப்பாமல் உடம்பு மொத்தத்தையும் திருப்பினான். பிக்ஸ்லரை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது, சொல்ல வெட்கமாக இருந்தது என்றான். வெட்கம் போன பிறகும் சொல்லவில்லை. அதற்குள் களைப்பு வந்துவிட்டது. எழுநூற்றைத் தாண்டிய பிறகு, சங்கிலி பெட்டியை மேலே இழுக்கிறபோது நெஞ்சுக்குள் ஒன்றுமே நடப்பதில்லை. மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டேதான் கீழே விழுகிறேன் என்றான்.

மார்லிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எதுக்குப் போன?"

"மே மாசம் வந்தா நீ வேன்ல வைக்கிற ஐஸ்பெட்டியக் கழுவி வெயில்ல கவுத்து வெச்சிடற. சரி, உனக்குப் போகணும்போலன்னு நினைச்சேன்."

"நீ போகப் போறேன்னுதான் கழுவினேன்."

இதற்குச் சிரிக்கத்தான் வேண்டும். இருவருக்கும் முடியவில்லை. கடைசியில் பேசி முடிவுசெய்தார்கள். படம் பையிலேயே இருக்கட்டும். ஏறி இறங்கி, கேக் வெட்டி, கைகொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டைப் பார்க்கப் போய்விடலாம். ஆயிரம் என்றால் ஆயிரம். யாருக்கு என்ன நஷ்டம்.

வெர்ன் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். தொப்பி, பர்ஸ், சாவி. முதல் பெட்டியின் முதல் இருக்கையில் அவனை உட்காரவைத்தார்கள். எழுபது பேர் கைதட்டினார்கள். மார்லிஸ் பெஞ்சிலேயே இருந்தாள். மேலே போகும்போது கடகட, உச்சியில் ஒரு கணம் சத்தமில்லை, பிறகு மரம் மொத்தமும் அதிர்கிற இரைச்சல். இதை அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்பாள். எந்த வளைவில் எந்தக் கூச்சல் வரும் என்பது எல்லா கோஸ்டரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. முடிந்தது.

இறங்கி வருகிறவன் கையில் எண் எழுதிய அட்டையைக் கொடுத்துப் படம் எடுப்பது சங்கத்து வழக்கம். பிக்ஸ்லர் அட்டையை நீட்டினார். வெறும் மார்க்கரில் கிறுக்கியது அல்ல. 1000 என்று நீலத்தில் எழுதி, ஒவ்வொரு சைபருக்குள்ளும் ஒரு குட்டி கோஸ்டர் வரைந்திருந்தார். பத்து நாளாவது உட்கார்ந்து செய்திருப்பார்.

வெர்ன் அட்டையை வாங்கினான். பார்த்தான். இன்னும் கொஞ்சம் பார்த்தான். மார்லிஸுக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. போச்சு என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"மார்க்கர் இருக்கா, ராய்?" என்றான் வெர்ன். அட்டையைத் திருப்பினான். வெள்ளைப் பக்கத்தில் 999 என்று எழுதி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். பிறகு மூன்றாம் நம்பரும் நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பரும் ஒன்றுதான் என்பதையும், அது தனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும் என்பதையும் மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். மார்லிஸுக்கும் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிக்ஸ்லர் தன் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன அட்டையை எடுத்தார். அதில் 999 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"அந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல சும்மாவா ஒட்டினேன்? நீ கேக்குல கத்திய வைக்கிற நேரத்துல இத நீட்டணும்னு இருந்தேன். பதினேழு வருஷம் காத்திருந்தேன், ஜட்ஜய்யா. கெடுத்துட்டியே" என்றார்.

அவர் முகத்தில் ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. வெர்ன் கை நீட்டினான். பிக்ஸ்லர் அந்தக் கையைப் பிடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார். பிறகு பிடித்தார். பிடித்த கையை அவ்வளவு சீக்கிரம் விடவுமில்லை.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சங்கத்துக்காரர்களால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஆகஸ்டில் இண்டியானாவில் புதிதாக ஒன்று திறக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். கனடாவில்தான் நன்றாக இருக்கும், ஜூலையில் நாமெல்லாரும் போகிறோமே என்றாள் ஒருத்தி. பனியனைப் பத்திரமாக மடித்துவையுங்கள், மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். வெர்ன் ஒவ்வொருவர் பக்கமும் உடம்போடு திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "யோசிப்போம்" என்றான்.

அந்த வார்த்தையை மார்லிஸுக்குத் தெரியும். இப்போது களைத்துத்தான் இருக்கிறான், மனதார முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறான். வீட்டுக்குப் போவான். கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பான். ஏப்ரலில் பனி உருகினதும் ஜன்னல் வழியாக வேனைப் பார்ப்பான். ஆயிரம் என்றுதானே சொன்னேன் என்பான். அதில் பொய்யும் இருக்காது. இத்தனை வருட அலைச்சலில், அந்த ஒரு நொடியில் வந்த களைப்பு மாதிரி அவளுக்கு வந்ததே இல்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள். கிரே ஃபாக்ஸின் நிழல் முடிகிற இடத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், குழந்தைகளுக்கான பகுதி. அங்கே பச்சைப் புழு ஒன்று, சிரித்த முகமும் இரண்டு கொம்புமாக நின்றுகொண்டிருந்தது. முதுகில் பத்துப் பேர் உட்காரலாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு மேடு, இரண்டு வளைவு.

"ராய், அது கோஸ்டர்தானே?" என்றாள்.

பிக்ஸ்லர் பார்த்தார். சங்கிலி இழுக்கிறது, தானாக இறங்குகிறது, ஆகவே விதிப்படி கோஸ்டர்தான் என்றார். பெரியவர்கள் குழந்தையோடு வந்தால் மட்டும்தான் ஏறலாம். எண்ணிக்கைக்காக அடுத்தவர் குழந்தையைக் கடன் வாங்கி ஏறுகிறவர்கள் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. ஜட்ஜய்யாதான் அதைக் கேவலம் என்று ஒதுக்கிவைத்திருந்தார் என்றார்.

வெர்னுக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறிவிட்டது. ஆயிரமாவது அதுவா, சங்கத்துப் பத்திரிகையில் காலத்துக்கும் அப்படித்தானே நிற்கும் என்றான். முழங்கால் மடங்காது என்றான். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றான்.

மார்லிஸ் குரலை உயர்த்தவில்லை. "ஆயிரம்னுதான் சொன்ன. எதுன்னு சொல்லல. ஏறு, வெர்ன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கால்களைப் பார்த்தான். வீங்கிய கணுக்காலுக்கு இடம்விட்டு, பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரிப் போட்டிருந்த ஷூ. இத்தனை வருடத்தில் அதை முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரிப் பார்த்தான். பிறகு புழுவை நோக்கி நடந்தான்.

பிக்ஸ்லர் பேத்தியின் விரலைத் துடைத்து அனுப்பிவைத்தார். புழுவின் முதல் இருக்கையில் வெர்னைத் திணிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பக்கத்தில் பிரின் நிமிர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அனுபவசாலியாக உட்கார்ந்தாள்.

"பயமா இருந்தா என் கையப் புடிச்சுக்கோங்க, மிஸ்டர் வெர்ன். வளைவுல மட்டும் கொஞ்சம் ஆட்டும்" என்றாள்.

அவன் பிடித்துக்கொண்டான்.

அங்கே பெஞ்சு இல்லை. மார்லிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணை மூடாமல் பார்த்தாள். புழு மூச்சுத் திணறி மேடேறியது, யோசித்தது, இறங்கியது. வளைவில் நிஜமாகவே ஆட்டியது. அப்போது வெர்ன் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டான். கழுத்து வலியா, சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு சுற்று, நாற்பது நொடி. தூக்கிவிட மறுபடி இரண்டு பேர். பிக்ஸ்லர் அட்டையை நீலப் பக்கம் திருப்பிக் கொடுத்தார். படத்தில் வெர்னின் இடுப்புக்குக் கீழே பிரின்னின் தலையும், பின்னால் கொம்பு வைத்த பச்சை முகமும் விழுந்தன. அடுத்த மாதப் பத்திரிகையின் அட்டையில் இதைத்தான் போடப் போகிறேன் என்று பிக்ஸ்லர் சொன்னார். மிரட்டுகிற மாதிரித்தான் சொன்னார். வெர்ன், போட்டுக்கொள் என்றான்.

கேக் வெட்டி, சாப்பிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வேனுக்கு வரப் பதினொன்றாகிவிட்டது. பூங்காவுக்குள் கூட்டம் நுழைந்துகொண்டிருந்தது. எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு, இருவரும் ஓரமாக மெதுவாக நடந்தார்கள். வெர்ன் ஒருமுறை நின்று, கிரே ஃபாக்ஸ் பக்கம் உடம்போடு திரும்பினான். மார்லிஸும் நின்றாள். அவன் மறுபடி நடந்தான்.

இப்போது கிளம்பினால் ஐந்து மணிக்கு வீடு. பாத்தியில் பறவைகள் விட்டுவைத்தது ஏதாவது இருக்கும். இல்லாவிட்டாலும் அடுத்த ஜூன் இருக்கிறது.

வேனுக்குப் பக்கத்தில் வெர்ன் வழக்கம்போலக் கையை நீட்டினான். மார்லிஸ் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி. தொப்பி. பர்ஸ். மூன்றாம் நம்பர் படம். அவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

சாவியை அவள் கொடுக்கவில்லை. சுற்றிப் போய், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.